கரை வரை கார், அப்புறம் கப்பல்

பாரூர் ஏரியில் நிற்பது தென்பெண்ணைத் தண்ணீர். நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக வந்து நிறைகிறது. ஏரிக்குத் திரும்பாமல் ஆற்றோடு போன தண்ணீர் சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் என்று கடந்துபோய், கடலூருக்குப் பக்கத்தில் தாழங்குடாவில் கடலைச் சேர்கிறது. இந்த அத்தியாயத்துப் பயணமும் ஏறக்குறைய அந்த ஆற்றின் போக்கில்தான் தொடங்குகிறது. பாரூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், ஓசூர் என்று இந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பம், காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு பிச்சாவரத்தையும் கோடியக்கரையையும் பார்த்துவிட்டு, நாகப்பட்டினத்தில் காரை நிறுத்திக் கப்பலேறி, யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதற்கு எட்டு ஒன்பது நாள் பிடிக்கும். அவ்வளவு லீவு கிடைக்காதவர்கள் கப்பலை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு, நம் கரையை மட்டும் நான்கு நாளில் பார்த்துவிடலாம். அதுவே நல்ல பயணம்தான்.

ஓசூர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு சொல். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி ஓடுகிற ஆறும் இதே தென்பெண்ணைதான். அந்த நுரையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளை அதே ஆற்றின் முகத்துவாரத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அங்கே நீங்கள் விளக்க வேண்டியிருக்காது; அவர்களே கேள்வி கேட்பார்கள்.

எப்போது கிளம்புவது

வண்டி, கூடாரம், சாப்பாடு எல்லாம் பிறகு. முதலில் நாள். கடலும் பள்ளிக்கூடமும் ஒத்துப்போகிற நாட்கள் குறைவு.

பாக் நீரிணையில் மே மாதவாக்கில் சோழகக் காற்று ஏறிவிடும். செப்டம்பர் வரை அலை அடங்காது. அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வந்து, டிசம்பர் வரை புயல் சின்னம், எச்சரிக்கைக் கூண்டு என்று போகும். கடல் உண்மையிலேயே படுத்துக் கிடப்பது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் பாதி வரை. அந்த நேரத்தில்தான் நம் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு. பறவைகளுக்கோ வேறு கணக்கு. பூநாரையும் உள்ளான்களும் கோடியக்கரையில் கூட்டமாக இருப்பது நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை. அரையாண்டு விடுமுறைக்கு அது சரியாகப் பொருந்தும், ஆனால் அப்போது கப்பலை நம்ப முடியாது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. மழைக்காலம் என்று ஒரே வாரத்துக்குள் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று மறுபடி கிளம்பி, நவம்பரில் மறுபடி நின்றது. 2025 பிப்ரவரியில் மீண்டும் ஓடியது. இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. பள்ளிக்குப் போகாத குழந்தைகள் உள்ள வீடு, அல்லது ஓய்வுபெற்ற பெற்றோரை அழைத்துப்போகிற வீடு என்றால் பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் காலாண்டு விடுமுறை. சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆயுதபூஜையை ஒட்டி எப்படியும் இரண்டு மூன்று நாள் கிடைக்கும். 2025இல் ஆயுதபூஜை அக்டோபர் 1 அன்று வந்தது. காலாண்டு விடுமுறையோடு ஒட்டிக்கொண்டது. 2026இல் அக்டோபர் 19. அதற்குள் மழை வாசலில் நிற்கும். அந்த ஆண்டு ஆயுதபூஜையை நம்பிக் கப்பல் டிக்கெட் எடுக்க நான் சொல்லமாட்டேன். அரையாண்டு லீவில் பிச்சாவரமும் கோடியக்கரையும் மட்டும். மே மாதம் வேண்டவே வேண்டாம். வெயில் ஒரு பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை இன்னொரு பக்கம். கடற்கரைக்குப் போயும் நாட்டுப்படகில் வருகிற கொஞ்சநஞ்ச மீனுக்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

வீட்டுத் தோப்பில் ஒரு ராத்திரி

கூடாரம் வாங்கியவுடன் அதைக் கடற்கரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றில்லை. முதலில் உங்கள் மாந்தோப்பில், அல்லது சொந்தக்காரர் தோப்பில், குடும்பத்தோடு ஒரு ராத்திரி போட்டுப் படுத்துப் பாருங்கள். வலையில் எங்கே ஓட்டை, யாருக்குத் தரை ஒத்துக்கொள்ளவில்லை, ராத்திரி இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும் குழந்தை எதற்குப் பயப்படுகிறது என்பதெல்லாம் அந்த ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும். வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று மட்டும் தோப்பில் தெரியாது. நம் செம்மண்ணில் முளையை நாலு தட்டுத் தட்டினால் இறுகிவிடும். வேதாரண்யம் பக்கத்து மணலில் அதே முளை விரலால் இழுத்தாலே கையோடு வரும். அதற்கு ஊரிலிருந்தே ஆறு காலி யூரியா சாக்கு எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றிலும் முக்கால் பங்கு மணல் அள்ளி, கழுத்தைக் கட்டி, கூடாரக் கயிற்றைச் சாக்கின் நடுவில் சுற்றி முடிச்சுப் போட்டு, முழங்கை ஆழக் குழியில் படுக்கவைத்து மூடிவிடுங்கள். மேலே ஏறி மிதித்து இறுக்கியபின் கயிற்றை இழுத்துப் பாருங்கள். கடல் காற்று ராத்திரியில் திசை மாறி அடித்தாலும் கூடாரம் அசையாது.

பெரிய கேள்வி, கூடாரத்தை எங்கே போடுவது. பிச்சாவரத்துக் காட்டுக்குள்ளும் கோடியக்கரைச் சரணாலயத்துக்குள்ளும் போட முடியாது. கடற்கரையில் வெறுமனே போட்டுப் படுப்பதும் சரியில்லை. மீனவர் வலை காயவைக்கும் இடம் அவர்களுடைய வேலைத்தளம், நம் முற்றம் அல்ல. இந்தக் கரையில் கூடாரப் பயணம் என்றால் தனியார் தோப்புதான். பிச்சாவரத்தைச் சுற்றியும் வேதாரண்யம், தோப்புத்துறைப் பக்கமும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் நிறைய. பகலிலேயே போய், "ஐயா, குடும்பத்தோட வந்திருக்கோம், ராத்திரி மட்டும் தங்கிக்கலாங்களா?" என்று கேளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் என்றதும் பேச்சு மாம்பழத்தில் தொடங்கும். பாதி வேலை முடிந்தது. மோட்டார் எங்கே, கழிப்பறை உண்டா, நாய் கட்டியிருக்குமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தென்னை மரத்தடியில் மட்டும் கூடாரம் வேண்டாம்; தேங்காயும் மட்டையும் யாரையும் கேட்டுக்கொண்டு விழுவதில்லை.

அடுப்புக்கு ஐந்து கிலோ சிலிண்டர் போதும். விறகு மூட்டாதீர்கள். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் இருபது லிட்டர் கேன் இரண்டு எப்போதும் வண்டியில் நிறைந்திருக்க வேண்டும். காலையில் செருப்பு, ஷூ எதையும் உதறாமல் போடக் கூடாது. மணற்பாங்கான இடங்களில் சுருட்டை விரியன் உண்டு. கடித்தால் வாயால் உறிஞ்சுவது, கட்டுப் போடுவது எதுவும் செய்யாமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

வழி

ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை. அதுவரை யோசிக்க எதுவுமில்லை. யோசிக்க வேண்டியது பவுர்ணமியை. கிரிவல நாளில் திருவண்ணாமலைக்குள் மாட்டினால் பாதி நாள் போய்விடும். கார்த்திகை தீபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் பவுர்ணமியை ஒட்டித்தான் கடலில் ஏற்றம் அதிகம். பிச்சாவரத்துச் சிறு கால்வாய்களில் தண்ணீர் நிறைந்திருக்கும். எனவே பவுர்ணமிக்கு மறுநாள் இரவு தாண்டிக் கிளம்பினால் சாலையும் காலியாக இருக்கும், ஓடையும் நிறைந்திருக்கும்.

திருவண்ணாமலையிலிருந்து திருக்கோவிலூர், பண்ருட்டி வழியாகக் கடலூர் போய்ச் சிதம்பரம் திரும்பலாம். பிள்ளைகளுக்குத் தாழங்குடாவைக் காட்ட வேண்டுமென்றால் இந்த வழிதான். சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டரில் பிச்சாவரம்.

ஓசூரில் பலரிடம் கேஏ எண் வண்டி இருக்கிறது. ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய ரசீது எல்லாம் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். சீர்காழி தாண்டி நாகை போகிற வழியில் காரைக்கால் வரும். புதுச்சேரி ஆட்சிப்பகுதி என்பதால் பெட்ரோல் கொஞ்சம் மலிவு. அங்கே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றும் மலிவு என்பதால் எல்லையில் சோதனை உண்டு. குடும்பத்தோடு போகும்போது அந்தத் தலைவலி வேண்டாம்.

பிச்சாவரம்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும் அலையாத்திக் காடு இது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2004 சுனாமியின்போது இந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று பேசப்பட்டதிலிருந்து இதற்கு மவுசு.

மோட்டார் படகில் ஏறாதீர்கள். அது அகலமான கால்வாயில் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் கிளைகள் தலையை உரசுகிற குறுகிய ஓடைகளுக்குள் போகும். அதுவும் ஏற்றத்தில்தான். வற்றத்தில் போனால் சேறும் வேரும்தான். முதல் நாள் மாலையே படகோட்டியிடம், "அண்ணே, நாளைக்குத் தண்ணி எப்ப ஏறும்?" என்று கேட்டு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். செயலியைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும்.

படகிலிருந்து எதையும் ஒடிக்காதீர்கள், குறிப்பாகப் பிள்ளைகள். தண்ணீருக்குள் வளைந்து இறங்கும் ஊன்றுவேர்கள் இருந்தால் அது சுரபுன்னை. சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் மேலே நீட்டியிருப்பது வெண்கண்டலின் மூச்சுவேர். இவற்றால் ஒன்றுமில்லை. தில்லை மரம் அப்படியில்லை. கிளையை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் எரிச்சலோடு பார்வையே போகலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம்தான். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கோடியக்கரை

நேரம் இருந்தால் இங்கே இரண்டு ராத்திரி. வேறு எங்கே குறைத்தாலும் இங்கே குறைக்காதீர்கள்.

கிழக்கே பார்த்து ஓடிவந்த சோழநாட்டுக் கரை மேற்கே திரும்புகிற முனை இது. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் இடமானது. காடு என்றால் உயர்ந்த மரங்களை எதிர்பார்த்துப் போவீர்கள். இது கடலோரத்து உலர் பசுமைமாறாக் காடு. குட்டை மரங்கள், முள் புதர், நடுவே திறந்த புல்வெளி. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது இங்கே எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. எழுந்து வந்தவை ஒரு பக்கமாக வளைந்து நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

தங்குவதற்கு வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் தோப்பு, அல்லது விடுதி. பத்து கிலோமீட்டர்தான்.

வாயில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். எட்டரை மணிக்கு மேல் வெயிலில் எல்லாம் புதருக்குள் ஒதுங்கிவிடும். புல்வெளி தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிக்கொண்டு பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். முதலில் எதுவும் தெரியாது. பிறகு, செம்மண் நிறத்தில் புல்லோடு புல்லாக நின்றிருந்த பெட்டை மான்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கும். அவற்றுக்கு நடுவே முறுக்குக் கொம்போடு கறுப்பாக ஒன்று நடந்து வந்தால் அதுதான் ஆண் வெளிமான். முதுகு கறுப்பு, வயிறு சுண்ணாம்பு அடித்த வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். யாராவது கதவைத் திறந்தால் போதும், கூட்டம் முழுக்கத் துள்ளி எழுந்து ஓடிவிடும். அதுவும் பார்க்க அழகுதான். ஆனால் வேண்டுமென்றே விரட்டிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் வனக்காவலரிடம் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே மட்டக்குதிரைகள் மேயும். யாரோ வளர்த்து எப்போதோ விட்டவற்றின் வாரிசுகள். காட்டுக்கு உரியவை அல்ல. மானுக்கும் குதிரைக்கும் ஒரே புல்லில்தான் போட்டி என்பதால் வனத்துறைக்கு இவை ஒரு பிரச்சினை. பிள்ளைகளுக்கு மானைவிட இவைதான் பிடிக்கும். பிஸ்கட் நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை கடிக்கும், உதைக்கும். இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை இருக்கிறது.

பூநாரை பார்க்க சரணாலயத்துக்குள் சுற்ற வேண்டியதில்லை. வேதாரண்யம் உப்புச் சதுப்பை ஒட்டித் தண்ணீர் நிற்கும் இடங்களில் தேடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் நிழலுருவங்கள்தான் தெரியும். வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்தது இங்கேதான். இன்றும் பக்கத்து அளங்களில் உப்பு குவிந்து கிடக்கும். பாத்திக்குள் இறங்காதீர்கள், மிதித்தால் தளம் கெட்டுவிடும்.

சோழர் காலக் கலங்கரை விளக்கத்தின் இடிபாடு 2004 சுனாமியில் போய்விட்டது. அதைத் தேடிப் போகிறவர்களுக்குக் கற்கள்தான்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பற்றி இரண்டே வரி. வனத்துறை அனுமதி வாங்கிக் கோரையாற்றில் படகேறினால் கடற்கழி வரை போய் வரலாம். பிச்சாவரத்தைவிட ஆளரவம் குறைவு. கப்பலேறாதவர்கள் மூன்றாவது நாளை இதற்குக் கொடுங்கள்.

கப்பல்

இந்தக் கப்பலில் கார் ஏறாது, ஆள் மட்டும்தான். ராமேசுவரம் – தலைமன்னார் கப்பல் நின்றுபோய் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவே கிடைத்திருக்கும் கடல்வழி இது. 2024இலிருந்து ஓடுவது 'சிவகங்கை' என்ற 150 இருக்கைக் கப்பல். சுமார் 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம், நாட்கள், கொண்டுபோகும் எடை எல்லாம் அடிக்கடி மாறுவதால் இங்கே அச்சிடவில்லை. டிக்கெட் எடுத்த பிறகும், கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு தடவை போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வானிலை காரணமாக ரத்தாவது இங்கே செய்தியே இல்லை. அதனால்தான் ஒரு நாளைச் சும்மா கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். திரும்பும் பக்கத்துக்கு இரண்டு நாள்.

கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதைப் பல பெற்றோர் மறந்துவிடுகிறார்கள், எடுத்துப் பாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். அதே மாதிரி தோற்றத்தில் தரகர் தளங்கள் நிறைய.

காரை வேளாங்கண்ணி அல்லது நாகையில் நீங்கள் தங்கிய விடுதியிலேயே பணம் கட்டி விடுவது உத்தமம். கூடாரம், அடுப்பு, சிலிண்டர், கேன் எல்லாம் காரிலேயே இருக்கட்டும். சிலிண்டரை மட்டும் பூட்டிய வண்டிக்குள் வெயிலில் விடாமல் விடுதிக்காரரிடம் ஒப்படையுங்கள். ஆளுக்கு ஒரு முதுகுப்பை போதும். சொந்தக்காரருக்கு என்று மாம்பழம், கன்று, விதை எதையும் எடுத்துப் போகாதீர்கள். அந்தக் கரையில் தாவரச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். மாங்காய் ஊறுகாய் எதற்கும் பாட்டிலில், நன்றாக மூடி.

குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட வேண்டும்; வாந்தி தொடங்கியபின் போட்டு ஒன்றும் ஆகாது. குழந்தைகளுக்கு அளவை டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பூரி, வடை வேண்டாம், இரண்டு இட்லி. வெறும் வயிறும் ஆகாது. இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் கப்பலின் நடுப்பகுதி. துறைமுகத்தைத் தாண்டியதும் பிள்ளைகளின் கையிலிருந்து போனை வாங்கி வையுங்கள். திரையைக் குனிந்து பார்க்கிற பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும். கண்ணாடி வழியே தூரத்துக் கடல்கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நெடுந்தீவு

காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாணம் நகரம் பக்கம்தான். பஸ்ஸும் ரயிலும் உண்டு. கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், அங்கேயும் நம் நேரம்தான். ஓட்டுநரோடு ஒரு வான் பேசிக்கொள்வது குடும்பத்துக்குச் சுலபம். கூடாரம் போட இடம் தேடாதீர்கள். வடக்கில் இன்னும் கண்ணிவெடி அகற்றி முடியாத நிலங்கள் உண்டு; சிவப்பு மண்டையோட்டுப் பலகை தெரிந்தால் அதைத் தாண்டி ஓரடி கூட வைக்கக் கூடாது. நல்ல விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன.

நெடுந்தீவுக்கு ஒரு முழு நாள். விடிவதற்குள் கிளம்பி, பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச் சேருங்கள். அங்கேயிருந்து படகில் ஒரு மணி நேரம். ஏறுவதற்கு முன்பே, "அண்ணை, திரும்பி வாறதுக்குக் கடைசிப் படகு எத்தினை மணிக்கு?" என்று கேட்டுவிடுங்கள். அது மாலைப் படகு அல்ல. மதியத்துக்குப் பிறகு சீக்கிரமே கிளம்பிவிடும். நாள் முழுவதையும் அந்தப் பதிலை வைத்துத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1985 மே 15 அன்று இதே கடலில் 'குமுதினி' படகில் போன பயணிகள் கொல்லப்பட்டார்கள். தீவில் அதற்கு நினைவிடம் உண்டு. படகில் கூட வருகிறவர்கள் அந்த நாளை நினைவில் வைத்திருக்கும் வயதுக்காரர்களாக இருக்கலாம். படகில் பாட்டுப் போட்டுக் கும்மாளம் அடிக்காமல் இருப்பதற்கு இது தெரிந்திருந்தால் போதும்.

தீவில் இறங்கியதும் ஓட்டோவோ சிறு வானோ பேசிக்கொள்ளுங்கள். தீவு எட்டு கிலோமீட்டர் நீளம், நிழல் குறைவு, நடக்க முடியாது. குடிதண்ணீர் கரையிலிருந்தே. வேலிகளைப் பாருங்கள்: சாந்து இல்லாமல் முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. கையில் ஒரு கல்லைத் தொட்டால் அதில் பவளப்பூச்சியின் கண்கண்ணாக ஓட்டைகள் தெரியும். ஒல்லாந்தர் கோட்டையும் அதே கல்தான். தீவில் ஒரு பெருக்கமரமும் நிற்கிறது; ஆப்பிரிக்கா பக்கத்து மரம், அடிமரத்துப் பொந்துக்குள் ஆள் நுழையலாம்.

குதிரைகள் தீவின் தென்பகுதி வெளிகளில். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்தவற்றின் வழி என்பார்கள். கோடியக்கரைக் குதிரைக்கும் இவற்றுக்கும் ஒரே கடல்தான் நடுவே. செப்டம்பர் கடைசியில் போனால் வறட்சி. நீர் கிடைக்கும் இடத்தில் அவை கூடி நிற்கும், பார்ப்பது எளிது, பார்க்கக் கஷ்டமாகவும் இருக்கும். மழைக்குப் பிறகு பிப்ரவரியில் போனால் புல்வெளி பச்சையாக இருக்கும், குதிரைகள் சிதறி நிற்கும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கேட்டால் பிப்ரவரி.

நம் ஊர் மீனவர் பிரச்சினை பற்றிப் பேச்சு வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்து விசைப்படகுகளின் இழுவைமடி அங்கத்தைய மீனவரின் வலையை அறுத்துக்கொண்டு போவது அந்தக் கரையின் நெடுநாள் குறை. அங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது விருந்தாளியின் வேலை அல்ல.

வண்டி ஏறுகிற படகு

பிள்ளைகளுக்கு வண்டியோடு கடல் கடக்கும் ஆசை இருந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே ஒரு மிதவை போய்வருகிறது. ஊர்க்காரர்கள் 'பாதை' என்பார்கள்; அப்படியே கேளுங்கள். ஓட்டோ, மோட்டார்சைக்கிள், சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான். சில நிமிடப் பயணம்தான், காசு வாங்குவதில்லை. போகும்போது தண்ணீருக்கு நடுவே கடற்கோட்டை தெரியும். உங்கள் வான் ஏறுமா என்பது வானின் அளவையும் அன்றைய கூட்டத்தையும் பொறுத்தது. ஏறாவிட்டால் ஓட்டோ பிடித்து நீங்கள் அதில் போய், வானைச் சுற்றுவழியில் வரச் சொல்லுங்கள்.

காரைநகரில் கசூரினா கடற்கரை. நெடுந்தூரம் வரை முழங்கால், இடுப்பளவுத் தண்ணீர்தான். எட்டு நாளும் "தண்ணியில இறங்காதே" என்று அதட்டிக்கொண்டே வந்த பெற்றோர் இங்கே கொஞ்சம் ஓய்வெடுக்கலாம். அப்போதும் ஒருவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

திரும்புவது

நாகையில் இறங்கி, குடிவரவு, சுங்கம் முடித்து வெளியே வர இருட்டிவிடலாம். பெரும்பாலானவர்கள் அப்போதே காரை எடுத்து ராத்திரியோடு ராத்திரியாக ஊத்தங்கரை போய்ச் சேரப் பார்ப்பார்கள். குமட்டல் மாத்திரை போட்டவர் வண்டி ஓட்டவே கூடாது. அந்தத் தூக்கம் சீக்கிரம் போகாது. நாகையிலோ சிதம்பரத்திலோ படுத்தெழுந்து காலையில் கிளம்புங்கள். கிளம்புமுன் வாட்டர் சர்வீஸில் விட்டு வண்டியின் அடிப்பக்கத்தை மட்டும் நல்ல தண்ணீரில் பீய்ச்சி அடிக்கச் சொல்லுங்கள். வேதாரண்யத்து உப்பு சைலன்சரிலும் பிரேக் குழாயிலும் ஒட்டிக்கொண்டு ஊருக்கு வந்தால், துரு தெரிவதற்குள் அடுத்த ஆயுதபூஜை வந்துவிடும்.